காசிமேட்டு மீனும் மொட்டைமாடிப் புறாவும்: பரிணாமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 12 வருடமாக மாலை டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ நடத்தும் வாரம் மட்டும் பாடம் மாடியோடு நிற்பதில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். மறுநாள் ஒரு ஆயா கேட்டனுப்பிய கேள்வியோடும், படகுக்குப் போகும் மாமாவின் சந்தேகத்தோடும் வருவார்கள். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பரிணாமம்னா இன்னா மிஸ், சுருக்கமா?

பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் குணங்கள், ஒரு உயிரினக் கூட்டத்தில் தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டு வருவது. ‘கூட்டம்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். தனி ஒரு உயிர் தன் ஆயுளுக்குள் பரிணாமம் அடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போன தாத்தாவின் பேரன் காய்த்த தோளோடு பிறப்பதில்லை. மாறுவது கூட்டத்தின் கணக்கு: எந்தக் குணம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற கணக்கு.

குரங்குலேருந்து மனுஷன் வந்தான்னா, இன்னும் குரங்கு ஏன் இருக்கு?

வருடம் தவறாமல் வரும் கேள்வி. நான் திருப்பிக் கேட்பேன்: ‘உன் பெரியப்பா பையன் இருக்கானே, நீ அவன்கிட்டேருந்தா வந்தே?’ எல்லோரும் சிரிப்பார்கள். ‘இல்ல மிஸ், எங்க ரெண்டு பேருக்கும் தாத்தா ஒண்ணு.’ பதில் அவ்வளவுதான். நாமும் சிம்பன்சியும் பங்காளிகள். சுமார் 60 முதல் 70 லட்சம் வருடங்களுக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு மூதாதைக் கூட்டம் இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை நாம், இன்னொரு கிளை அவர்கள். நம் தெருக் கூரைகளில் ஓடும் குரங்கு இன்னும் தூரத்துச் சொந்தம்.

சொந்தம் என்பதற்கு அத்தாட்சி நம் உடம்பிலேயே இருக்கிறது. மரபணுக்களைச் சுமக்கும் இழைகளைக் குரோமோசோம் என்கிறோம். மனிதனுக்கு அது 46, சிம்பன்சிக்கு 48. மூதாதை ஒன்று என்றால் மீதி இரண்டு எங்கே போனது? நம்முடைய 2ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இரண்டு வலையை ஒன்றாகச் சேர்த்து முடிந்தால், ஓரத்தில் இருக்க வேண்டிய கயிறு நடுவில் ஓடும் இல்லையா? அதேபோல, குரோமோசோமின் முனையில் மட்டுமே இருக்க வேண்டிய டி.என்.ஏ. எழுத்துகள் இதற்கு நட்ட நடுவில் கிடக்கின்றன. சிம்பன்சியிடம் தனித்தனியாக உள்ள இரண்டு குரோமோசோம்கள் நம்மில் முனையோடு முனை ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிட்டன.

இன்னொன்று. ஆடு, நாய், பூனை எல்லாம் வைட்டமின் சியைத் தங்கள் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும். நமக்கு எலுமிச்சையும் நெல்லிக்காயும் வேண்டியிருக்கிறது. அதைத் தயாரிக்கும் மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை; உடைந்து கிடக்கிறது. சிம்பன்சியிடமும் மற்றப் பல குரங்குகளிடமும் அது உடைந்துதான் கிடக்கிறது, நம்மிடம் உள்ள அதே சிதைவுகளோடு. இரண்டு மாணவர்களின் பரீட்சைத் தாளில் ஒரே சரியான பதில் இருந்தால் இருவரும் படித்திருக்கலாம். ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருந்தால் இருவரும் ஒரே நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

‘இயற்கைத் தேர்வு’ன்றாங்களே, யாரு தேர்ந்தெடுக்குறாங்க?

இதற்கு எங்கள் வட சென்னையைப் போல உதாரணம் கிடைக்கும் ஊர் வேறு இல்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், எங்கே போய் நிமிர்ந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு மாடியில் புறாக் கூண்டு. ஒருவர் பந்தயத்துக்கு ஹோமர் என்ற வீடு திரும்பும் புறா வளர்ப்பார், இன்னொருவர் கர்ணம் போடும் புறா வளர்ப்பார்.

எங்கள் எதிர் மாடி அண்ணன் ஹோமர் வளர்க்கிறவர். தூரத்தில் கொண்டுபோய் விட்ட புறாக்களில் எது சீக்கிரம் வீடு திரும்புகிறது என்று வானத்தைப் பார்த்தபடியே நிற்பார். வந்ததும் ஒரு கையில் பிடித்து, மறு கையால் இறக்கையை விசிறிபோல் விரித்து ஒவ்வொரு இறகாகப் பார்ப்பார். நன்றாகப் பறந்ததை, நன்றாகப் பறந்த இன்னொன்றோடு ஜோடி போடுவார். சோடை போனதை ஜோடி சேர்க்க மாட்டார். பத்து வருடத்தில் அவர் கூண்டின் ரத்தமே மாறிவிட்டது. புதிதாக எந்தக் குணத்தையும் அவர் உண்டாக்கவில்லை. இருந்த வேறுபாடுகளில் எது அடுத்த தலைமுறைக்குப் போகலாம் என்பதை மட்டும் முடிவு செய்தார்.

சார்லஸ் டார்வினும் புறா வளர்த்தவர்தான். 1855இல் ஆரம்பித்துக் கிடைத்த வகையெல்லாம் வாங்கி வளர்த்தார். லண்டனில் இரண்டு புறா சங்கங்களில் சேர்ந்தார். 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே புறாக்களைப் பற்றித்தான் விரிவாக எழுதினார். கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒருவர், மற்றதை விட்டுவிட்டுப் புறாவைப் பற்றி மட்டும் எழுதினால் எல்லோரும் வாங்குவார்கள் என்று பதிப்பாளருக்கு யோசனை சொன்னாராம். விசிறிபோல் வால் விரிப்பது, பலூன்போல் நெஞ்சை ஊதுவது, குட்டி அலகுக்காரி, கர்ணம் போடுகிறவள், இத்தனை வகையும் ஒரே மாடப்புறாவின் வாரிசுகள் என்று டார்வின் சொன்னார். 2013இல் புறாவின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தவர்களும் அதையே கண்டார்கள். கொண்டை வைத்த பல வகைப் புறாக்களிலும் கொண்டைக்குக் காரணம் ஒரே மரபணுவில் நேர்ந்த ஒரே மாற்றம் என்பதும் அப்போது தெரிந்தது.

இனி கூண்டைத் திறந்துவிடுங்கள். அண்ணனுக்குப் பதில் வல்லூறு, பூனை, நோய், தீனிப் பஞ்சம். அவையும் சிலவற்றைக் குஞ்சு பொரிக்க விடுகின்றன, சிலவற்றை விடுவதில்லை. அவற்றுக்கு நோக்கம் கிடையாது, திட்டம் கிடையாது. பலன் மட்டும் ஒன்றுதான். இயற்கைத் தேர்வு என்பது இது. டார்வினும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். 1858 ஜூலை 1 அன்று லண்டனில் இருவர் கட்டுரைகளும் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன.

கறுப்பு அந்துப்பூச்சி கதை உண்மையா? தப்புன்னு வீடியோ பார்த்தேன்.

கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் சாம்பல் படிவதை எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் மரங்களே அப்படிக் கரி பிடித்து நின்றன. அங்கே வெளிர் நிறத்தில் புள்ளி போட்ட ஒரு அந்துப்பூச்சி உண்டு. 1848இல் மான்செஸ்டரில் அதன் கறுப்பு வகை ஒன்று கண்ணில் பட்டது. 1895 வாக்கில் அந்தப் பக்கத்துப் பூச்சிகளில் சுமார் 98 சதவீதம் கறுப்பு. கரி பிடித்த மரத்தில் வெளிர்ப் பூச்சி பறவையின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது, கறுப்பு தப்பியது. 1956இல் காற்றைச் சுத்தப்படுத்தும் சட்டம் வந்தது. மரங்கள் வெளுத்தன, கறுப்பும் மெல்லக் குறைந்தது.

1950களில் நடந்த முதல் சோதனைகளின் முறையில் குறை இருப்பதாகப் பிறகு கேள்வி எழுந்தது உண்மை. நீங்கள் பார்த்த வீடியோ அங்கேயே நின்றிருக்கும். அதன்பின் மைக்கேல் மஜெரஸ் என்ற ஆய்வாளர் கேம்பிரிட்ஜில் ஆறு வருடம், 4,864 பூச்சிகளை வைத்து, அந்தக் குறைகளைக் களைந்து மறுபடி செய்து பார்த்தார். பறவைகள்தான் காரணம் என்று உறுதியானது. அவர் மறைவுக்குப் பிறகு 2012இல் அது வெளியானது. கேள்வி வந்தால் திரும்பச் செய்து பார்ப்பதுதான் அறிவியல். பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

நிறம் மாறலாம், கொண்டை வரலாம். புறா புறாதானே? ஒண்ணு இன்னொண்ணா மாறுமா?

நல்ல கேள்வி. இதற்கு மாடியிலிருந்து இறங்கிக் காசிமேட்டுக்கு வர வேண்டும்.

ஏலம் முடிந்து கூறு போட்டிருக்கும் இடத்தில் ஒரு நாக்கு மீனை எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் பழுப்பு, அந்தப் பக்கத்திலேயே இரண்டு கண்ணும் நெருக்கமாக இருக்கும். திருப்பினால் வெள்ளை, கண்ணே இல்லை. வாய் கோணியிருக்கும். மணலில் ஒருக்களித்துப் படுத்து வாழும் மீனுக்குக் கீழே கண் எதற்கு? ஆனால் இது குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலத்தான் நிமிர்ந்து நீந்துகிறது, பக்கத்துக்கு ஒரு கண்ணோடு. வளர வளர ஒரு கண் தலையைத் தாண்டி மறுபக்கம் நகர்ந்து வருகிறது. மண்டை ஓடே முறுக்கிக்கொள்கிறது.

டார்வின் காலத்திலேயே மிவார்ட் என்பவர் இந்த மீனை வைத்து மடக்கினார்: பாதி வழி நகர்ந்த கண்ணால் என்ன பயன்? அப்படி இடைப்பட்ட மீன் இருந்திருக்கவே முடியாதே என்றார். நியாயமான கேள்விதான். 2008இல் மாட் ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர், ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் வெகுகாலமாக இருந்த, சுமார் 5 கோடி வருடப் பழைய புதைபடிவங்களை உற்றுப் பார்த்தார். வளர்ந்த மீன்கள்; ஆனால் ஒரு கண் மேல்நோக்கிப் பாதி வழி நகர்ந்து, உச்சியைத் தாண்டாமல் நின்றிருந்தது. இருந்திருக்க முடியாது என்று சொல்லப்பட்ட அதே மீன்.

அடுத்தது ஓங்கல், அதாவது டால்ஃபின். சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, ஏலத்துக்கு வராது. ஆனால் படகுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவர்களிடம் ஒன்று கேளுங்கள்: வஞ்சிரம் வாலை எப்படி அடிக்கும், ஓங்கல் எப்படி அடிக்கும்? மீன் இடமும் வலமும் அடிக்கும். ஓங்கல் மேலும் கீழும். நாய் நாலு கால் பாய்ச்சலில் ஓடும்போது முதுகு மேலும் கீழும் வளைகிறதே, அதே வளைவு. ஓங்கல் மூச்செடுக்க மேலே வருகிறது, குட்டி போடுகிறது, பால் கொடுக்கிறது. அதன் துடுப்பைப் பிரித்தால் மேற்கை எலும்பு, முன்கை எலும்பு, விரல் எலும்புகள் வரிசையாக இருக்கும். கருவில் பின்னங்கால் மொட்டுகள் தோன்றி மறைகின்றன. 2006இல் ஜப்பானில் பிடிபட்ட ஒரு ஓங்கலுக்கு அவை மறையாமல் கூடுதல் துடுப்புகளாகவே இருந்தன.

தரையில் நடந்த மூதாதை எங்கே? நம் பக்கத்தில்தான் கிடைத்தது. பாகிஸ்தானில் சுமார் 5 கோடி வருடப் பழைய ‘பாக்கிசீட்டஸ்’ என்ற நாலுகால் விலங்கு. அதன் காது எலும்பு திமிங்கலக் காது. ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் இந்தியப் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் பாறைகளைச் சேகரித்து வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தப் பாறைகளை உடைத்துப் பார்த்ததில் ‘இந்தோஹையஸ்’ கிடைத்தது. பூனையளவே உள்ள, குளம்புள்ள விலங்கு. 2007இல் அறிவித்தார்கள். அதற்கும் அதே தடித்த காது எலும்பு. ஒரு மனிதர் பாறைகளைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போகிறார், அதற்குள் திமிங்கலத்தின் சொந்தக்காரர் இருக்கிறார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

ஒன்று இன்னொன்றாக ஒரே இரவில் மாறவில்லை. எந்தத் தாயும் தன்னைவிட வேறு இனமான குட்டியைப் பெறவில்லை. கோடிக்கணக்கான வருடங்களில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் குவிந்தன, அவ்வளவுதான்.

அந்தக் கோடி வருஷக் கணக்கை யார் எண்ணிப் பார்த்தா?

பாறைகள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. யுரேனியம் போன்ற சில தனிமங்கள் மாறாத வேகத்தில் சிதைந்து வேறொன்றாகின்றன. யுரேனியம் 238இல் பாதி ஈயமாக மாற சுமார் 447 கோடி வருடம் ஆகும். எரிமலைப் பாறையில் உள்ள படிகத் துகளில் எவ்வளவு யுரேனியம் மிச்சம், எவ்வளவு ஈயம் என்று பார்த்தால் வயது வரும். கார்பன் முறை வேறு. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 5,730 வருடம் என்பதால் சுமார் 50,000 வருடத்துக்கு மேல் உதவாது. டைனோசருக்குக் கார்பன் முறையில் வயது பார்த்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஆற்றையே எடுத்துக்கொள்ளலாம். எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனால், பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் அங்கே கல் ஆயுதங்களைக் கண்டார். பிறகு சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் வருடக்கணக்காக முறைப்படி அகழ்ந்தார்கள். வெளியில் கிடக்கும் கல்லில் விண்வெளிக் கதிர்கள் பட்டு அலுமினியம் 26, பெரிலியம் 10 என்ற இரண்டு அணுக்கள் உண்டாகும். கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் புதிதாக உண்டாவது நிற்கும். இருப்பது இரண்டும் வேறு வேறு வேகத்தில் தேயும். விகிதத்தைப் பார்த்தால் எப்போது புதைந்தது என்று தெரியும். 2011இல் வெளியான முடிவின்படி அந்தக் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் வருடம். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகளுக்கே, மொராக்கோவில் கிடைத்தவற்றுக்கு, சுமார் 3 லட்சம் வருடம்தான். அப்படியானால் நம் ஆற்றங்கரையில் கல்லைச் செதுக்கியவர்கள் நமக்கு முந்திய வேறு மனித இனத்தார்.

‘கோட்பாடு’ன்னா ஊகம்தானே?

இல்லை. நோய்க்குக் கிருமி காரணம் என்பதும் கோட்பாடுதான், அதற்காக யாரும் கை கழுவாமல் இருப்பதில்லை. பல வழிகளில் சோதிக்கப்பட்டு நிற்கும் விளக்கத்துக்குத்தான் அறிவியலில் அந்தப் பெயர்.

கண்ணு மாதிரி நுணுக்கமானது தற்செயலா வருமா டீச்சர்?

தற்செயலாக மட்டும் வராது. மரபணுவில் மாற்றம் நேர்வது தற்செயல். எந்த மாற்றம் தங்குகிறது என்பது தற்செயல் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கேள்வி பெரிதாகத் தெரிகிறது.

ஒளியை உணரும் வெறும் புள்ளி, நிழல் விழுகிறது என்று காட்டும். புள்ளி குழிந்தால் நிழல் எந்தப் பக்கம் என்று தெரியும். குழியின் வாய் சுருங்கினால் மங்கலாக உருவம் தெரியும். வாயை மூடி ஒரு லென்ஸ் வந்தால் தெளிவு. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தியதைவிடக் கொஞ்சம் உதவி. இந்தப் படிகள் எல்லாவற்றிலும் இன்று உயிரோடு இருக்கும் நத்தை, சிப்பி வகைகள் உண்டு.

அடுத்த முறை கடம்பா (கணவாய்) சுத்தம் செய்யும்போது கண்ணை அழுத்திப் பாருங்கள். கண்ணாடி மணிபோல் கெட்டியான ஒரு உருண்டை வந்து விழும். அதுதான் லென்ஸ். மீன் குழம்பில் மீனின் கண்ணில் வெள்ளையாக ஒரு முத்து இருக்குமே, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதற்குத்தான் சண்டை போடுவார்கள். அதுவும் லென்ஸ்தான், வெந்ததால் வெளுத்துப்போனது. இரண்டு கண்ணும் பார்க்க ஒன்றுபோல் இருக்கின்றன. ஆனால் மீனுக்கும் நமக்கும் நரம்புகள் விழித்திரைக்கு முன்புறமாக ஓடி, ஒரு ஓட்டை வழியாகப் பின்னால் போகின்றன. அந்த இடத்தில் நமக்குப் பார்வை இல்லை, குருட்டுப் புள்ளி என்கிறோம். கடம்பாவுக்கு நரம்புகள் பின்புறமாகவே போகின்றன, குருட்டுப் புள்ளி கிடையாது. வேறு வேறு கிளையில் தனித்தனியாக வந்த கண்கள் என்பதற்கு இந்த வயரிங்கே சாட்சி.

நம்ம கண்ணு முன்னாடி ஏதாவது நடந்திருக்கா?

நடந்திருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது. ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற ஆய்வாளர் 1988இல் அமெரிக்காவில் ஒரே பாக்டீரியாவிலிருந்து 12 குடுவைகளைத் தொடங்கினார். இன்றுவரை 75,000 தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது. அதில் ஒரே ஒரு குடுவையில், சுமார் 31,500ஆம் தலைமுறையில், காற்றுள்ள சூழலில் அதுவரை அந்தப் பாக்டீரியாவால் தின்ன முடியாத சிட்ரேட்டைத் தின்னும் வகை தோன்றியது.

ஆனால் நான் இந்தக் கேள்விக்கு எப்போதும் காசநோயைத்தான் சொல்வேன். எங்கள் பக்கத்தில் டி.பி. தெரியாத தெரு இல்லை. ஓட்டேரி ஆஸ்பத்திரிக்கோ ஸ்டான்லிக்கோ யாரையாவது கூட்டிக்கொண்டு போயிருப்போம்.

நோயாளியின் நுரையீரலில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். பெருகும்போது பிரதி எடுப்பதில் பிழை வரும். ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று தற்செயலாக ஐசோனியாசிட் மருந்துக்கு அடங்காததாக இருக்கும். பத்து கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்கு அடங்காது. மருந்து வருவதற்கு முன்பே அது அங்கே இருக்கிறது, இதைக் கவனியுங்கள். ஒரே மருந்து கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து, அந்த ஒன்று தனியாகப் பெருகும். 1940களின் பிற்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தபோது இதுதான் நடந்தது. தேறிய நோயாளிகள் பலர் மறுபடி விழுந்தார்கள். இரண்டு மருந்துக்கும் ஒரே கிருமி அடங்காமல் இருக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு எண்களையும் பெருக்க வேண்டும். ஒரு நுரையீரலில் அத்தனை கிருமி இருக்காது. அதனால்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்த்து, மொத்தம் ஆறு மாதம். மாத்திரை டப்பாவுக்குள் இருப்பது பரிணாமக் கணக்கு.

இந்தச் சிகிச்சை வரலாற்றில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையம், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள் என்று 1959இல் காட்டியது. அதன்பிறகுதான் உலகம் முழுக்க வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது வழக்கமானது.

என் தாய்மாமன் மூன்றாவது மாதத்தில் இருமல் நின்று, எடை ஏறி, ‘எனக்கு நல்லாயிடுச்சும்மா’ என்று மாத்திரையை நிறுத்தினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாத்திரை சாப்பிட்டால் வயிறு புரட்டும், வேலைக்குப் போக முடியாது. ஏன் ஆறு மாதம் என்று அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. இருமல் நிற்பது பெரும்பாலான கிருமிகள் செத்ததால். மிச்சமிருப்பவை சுலபத்தில் சாகாதவை. அடுத்த வருடம் நோய் திரும்பியபோது பழைய மருந்துகள் வேலை செய்யவில்லை. இன்னும் நீண்ட, இன்னும் கடுமையான சிகிச்சை எடுத்துத்தான் பிழைத்தார். தயவுசெய்து யாரும் நடுவில் நிறுத்தாதீர்கள். வயிறு புரட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு வழி இருக்கிறது.

மின்ன மாதிரி பெரிய மீனே வர்றதில்ல. அதுவும் பரிணாமமா?

முதல் காரணம், பிடிப்பது அதிகமாகி, மீன் வளரும் முன்பே வலையில் ஏறுவதுதான். ஆனால் உங்கள் சந்தேகத்திலும் விஷயம் இருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் கானவர், மன்ச் என்ற இருவர் ஒரு சின்ன கடல்மீனைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். சில தொட்டிகளில் தலைமுறைக்குத் தலைமுறை பெரிய 90 சதவீதத்தை எடுத்துவிட்டு, சிறியவற்றை மட்டும் முட்டையிட விட்டார்கள். சிலவற்றில் தலைகீழாகச் செய்தார்கள். நான்கே தலைமுறையில் இரண்டு பக்கத்து மீன்களின் எடை ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு என்று விலகிப்போனது. பெரிதாக வளரும் மீனைத் திரும்பத் திரும்ப வலை எடுத்துவிட்டால், சின்னதாக இருக்கும்போதே முட்டையிடுகிறதுதான் வாரிசு விடும். இது நடந்தபின் பிடிப்பதை நிறுத்தினாலும் பழைய அளவு உடனே திரும்பாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் மீன் முட்டையிட அவகாசம் தரும். வலைக்கண் அளவு எதை மிச்சம் விடுகிறோம் என்பதைத் தீர்மானிக்கும். இரண்டும் வேறு வேறு.

எண்ணூர்ச் சேத்துல ஓடுற உளுவைதான் தரைக்கு வந்த முதல் மீனா?

பார்க்க அப்படித்தான் தோன்றும். துடுப்பை ஊன்றிச் சேற்றில் துள்ளி ஓடும், கண் தலைமேல் நிற்கும். ஆனால் அது நம் மூதாதை இல்லை, இன்றைய மீன். தரைக்கு வந்த மூதாதையின் நெருங்கிய சொந்தம், 2004இல் கனடாவின் வடகோடியில் கிடைத்த ‘டிக்டாலிக்’. வயது சுமார் 37.5 கோடி வருடம். மீனின் செதிலும், வளையும் கழுத்தும், மணிக்கட்டு எலும்பும் ஒரே உடம்பில். அந்த வயதுப் பாறையில்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுத் தேடிப் போய்க் கண்டார்கள்.

தசாவதாரத்துல மீன், ஆமைன்னு வரிசையா வருதே, அது இதுதானே?

அந்த வரிசை அழகானது, எங்கள் வீட்டிலும் கொலுவில் வைப்போம். ஆனால் ஆமையிலிருந்து பன்றி வரவில்லை. பரிணாமம் ஏணி இல்லை, கிளை விடும் மரம். தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்ததும் பெரிய சாதனை. அது வகைப்படுத்தல், எது எதிலிருந்து வந்தது என்ற வரலாறு அல்ல. கடவுள் உண்டா என்ற கேள்விக்கு என் பாடத்தில் பதில் கிடையாது. கோயிலுக்கும், சர்ச்சுக்கும், மசூதிக்கும் போகும் பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்துதான் இதைப் படிக்கிறார்கள்.

‘வலுத்தவன் வாழ்வான்’னு அறிவியலே சொல்லுதாமே?

சொல்லவில்லை. ‘தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்’ என்ற தொடரை 1864இல் உண்டாக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற தத்துவவாதி. தகுதி என்றால் இங்கே அந்தந்தச் சூழலில் வாரிசு விட்டுப் போவது. பலமோ, உயர்வோ, ஒழுக்கமோ அல்ல. இதை வைத்துச் சிலர் பிறப்பிலேயே உயர்வு தாழ்வு என்று பேசுகிறார்கள், எனக்குக் கோபம் வரும். 1972இல் ரிச்சர்ட் லெவொன்டின் என்ற மரபியலாளர் கணக்கிட்டார்: மனிதர்களுக்கிடையே உள்ள மரபு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

வகுப்பில் ஒரு பெண்ணைக் கறுப்பாக இருக்கிறாள் என்று கேலி செய்தார்கள். அன்று பாடத்தை நிறுத்தினேன். வெயில் கொட்டும் நாடுகளில் புற ஊதாக் கதிர் ரத்தத்திலுள்ள ஃபோலேட் என்ற வைட்டமினைச் சிதைக்கும்; கருவில் வளரும் குழந்தைக்கு ஃபோலேட் கட்டாயம் வேண்டும். தோலைக் கறுப்பாக்கும் மெலனின் என்ற நிறமி அதற்குக் குடை. வெயில் குறைந்த வடக்கில் வைட்டமின் டி கிடைக்க அந்தக் குடை மெலிந்தது. வெளுப்பு உயர்வும் இல்லை, கறுப்பு தாழ்வும் இல்லை, இரண்டும் வெயிலுக்குச் சொன்ன பதில் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

எழும்பூருக்குப் போனா இதெல்லாம் பார்க்கலாமா?

போங்கள். அரசு அருங்காட்சியகத்தில் திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. அதன் துடுப்பில் விரல்களை எண்ணுங்கள்.

கறுப்பும் வெள்ளையும் ஜோடி போட்டேன், பேரக்குஞ்சு நீலமா வந்திருக்கு. கலப்படமாயிடுச்சாம்மா?

எதிர் மாடி அண்ணன் போன மாதம் கேட்டது. கலப்படம் இல்லை அண்ணா என்றேன். டார்வினும் இதைச் செய்தார். வெள்ளை விசிறிவாலையும் கறுப்பு வகை ஒன்றையும் சேர்த்து, அவற்றின் பிள்ளைகளைத் தங்களுக்குள் கலந்து வளர்த்தபோது, இரண்டு பக்கத்திலும் இல்லாத நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு குஞ்சு வந்தது. வகை வகையாகப் பிரிக்கும்போது அந்த நிறம் அழிந்துபோகவில்லை, மற்ற மரபணுக்களுக்கு அடியில் மூடிக் கிடந்தது. கலந்ததும் மூடி விலகியது. அது பாறை இடுக்கில் வாழ்ந்த மாடப்புறாவின் நிறம். நிறம் மட்டும் திரும்பியிருந்தால் போதாது, இறக்கையில் குறுக்கே இரண்டு கறுப்புப் பட்டையும் இருக்கணும், பாருங்க என்றேன்.

அவர் கூண்டுக்குள் கையை விட்டுக் குஞ்சைப் பிடித்து, கைப்பிடிச் சுவருக்கு வந்து, எனக்குத் தெரியும்படி இறக்கையை விரித்தார். இரண்டும் இருந்தன.